வெள்ளிக்கிழமை கத்தும் பிரேக்

விடுப்புக்காரி, ஊர்வம்பு பார்க்கிறவள் என்று எங்கள் தமிழ்க்கடைத் தெருவான லாச்சப்பலில் என்னைச் சொல்லாத கடை இல்லை. சொல்லட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நாள் முழுக்கத் தையல் மெஷினுக்கு முன்னால் குந்தியிருக்கிறவள் இடைக்கிடை தலையை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்க்காவிட்டால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். என் கடையின் முன்கண்ணாடி தெருவைப் பார்க்கும், பின்ஜன்னல் கட்டிடத்தின் உள்முற்றத்தைப் பார்க்கும். அந்த முற்றத்தில்தான் இராஜதுரை அண்ணையின் சைக்கிள் நிற்கிறது.

சைக்கிள் என்றதும் நீங்கள் நினைக்கிற சைக்கிள் இல்லை. முன்னால் இரண்டு சக்கரம், அவற்றுக்கு நடுவில் ஆள் ஏறி இருக்கக்கூடிய மரப்பெட்டி, பின்னால் ஒரு சக்கரம், மிதிக்க உதவியாக ஒரு பற்றரி. பிரெஞ்சுக்காரர் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிற வண்டி. அண்ணை அதில் ஏற்றுவது தன் மனைவி இந்திராதேவி அக்காவை.

அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. முன்பெல்லாம் மரக்கறிக்கடை, புடவைக்கடை, கோயில் என்று ஒரு நாளில் இந்தத் தெருவை மூன்று தரம் அளந்துவிடுவா. எந்தக் கடைக்குள் போனாலும் அங்கே இருக்க ஒரு கதிரை அவவுக்கு வரும். மூட்டு வருத்தம் வந்த பிறகு மெத்ரோப் படி ஏறவும் முடியாது, கடைவரை நடக்கவும் முடியாது. எங்கள் மெத்ரோ நிலையம் இரும்புப் பாலத்தின் மேல் இருக்கிறது. அங்கே ஏறி இறங்க நல்ல முழங்காலே முனகும். கீழ்வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முற்றத்துக் குப்பைத்தொட்டிகளைப் பார்த்தபடி ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்தா. எனக்குப் பார்க்கப் பொறுக்காது. ஆனால் நான் என்ன செய்ய, தோளில் தூக்கிக்கொண்டா போவது?

இராஜதுரை அண்ணை கதைக்காத மனிதர். அளவெட்டியிலிருந்து வந்து, பிரெஞ்சு ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே குசினியில் சமையல்காரராக நிற்கிறார். ஒரு கேள்வி கேட்டால் முதலில் தன் கால் சப்பாத்தைப் பார்ப்பார், பிறகு உங்களைப் பார்ப்பார், பிறகுதான் மறுமொழி வரும், அதுவும் வந்தால். வீட்டில் பல்ப் மாற்றவே மகனைக் கூப்பிடுகிற ஆள் ஒரு நாள் இந்த மூன்று சக்கரத்தை உருட்டிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தார். நான் ஊசியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, தேசிக்காய் நசித்து, தேங்காய் உடைத்து எல்லாம் முறைப்படி நடந்தது. நான் மன்னார்க் கத்தோலிக்கச்சி. எங்கள் ஃபாதராக இருந்தால் புனித தண்ணீர் தெளித்து விட்டிருப்பார். எதற்கும் கைகூப்பி நின்றேன். அடுத்த ஞாயிறு அக்கா பெட்டிக்குள் ஏறினா. தெருமுனையில் நின்றவர்கள் விடுவார்களா? "என்ன அண்ணை, பொம்பிளை மாப்பிளை ஊர்வலமோ?" என்று கேட்டார்கள். அக்கா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டா. அதற்கடுத்த ஞாயிறு சால்வை இல்லை. அதற்கும் அடுத்த கிழமை, என்னிடம் புதுச் சட்டை ஒன்று தைக்கத் தந்தா. ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் கால்வாய்க்கரையில் போய் இருந்து, தேத்தண்ணி குடித்து, திரும்பும் வழியில் ஒவ்வொரு கடையாக நிறுத்தி, பெட்டியில் இருந்தபடியே எல்லோருடனும் கதைத்துவிட்டு வருவா. கடைக்காரர் கதிரை கொண்டு ஓடத் தேவையில்லை, கதிரை அவவோடேயே வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணை வேலைக்குப் புறப்பட்டு, வாசலில் பிரேக் பிடித்தார். பன்றியைக் கட்டி இழுத்ததுபோல் ஒரு கத்தல். என் கையில் ஊசி ஏறியது. சனி, ஞாயிறு கொஞ்சம் அடங்கும், கிழமை நடுவில் கிட்டத்தட்ட நிற்கும், மறுபடி வெள்ளி வந்தால் கத்தும். ஒரு சைக்கிளுக்கு நாள் பார்க்கத் தெரியுமா? எனக்குத் தலை வெடிக்கும்போல் இருந்தது. இன்னொன்றும் கண்டேன். ரெயில் பாதைக்கு மேலால் போகிற பாலத்தில் ஏறும்போது அண்ணை மிதிப்பார், இறக்கம் வந்தவுடன் இறங்கி, அக்காவைப் பெட்டியில் வைத்தபடி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஏற்றத்தில் நடக்கிற ஆளைக் கண்டிருக்கிறேன், இறக்கத்தில் நடக்கிற ஆளை அப்போதுதான் கண்டேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்டாலின்கிராட்டில் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே, சிவப்பு விளக்குக்குச் சைக்கிள் நிற்கவில்லை. நல்லகாலம், பெட்டி வெறும் பெட்டி. லொறிக்கு விலத்தி, இரும்புத் தூணில் கொண்டுபோய் மோதினார். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று.

மகன் கீர்த்தனனுக்கு அது போதும். அவன் இங்கே பிறந்து வளர்ந்தவன், தூரத்துப் புறநகரான சார்செலில் இருக்கிறான், கந்தோரில் வேலை. நல்ல பிள்ளை, ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி. தன் கட்டிடத்திலேயே லிப்ட் உள்ள வீடொன்று காலியாகிறது என்றும், சைக்கிளை விற்றுவிட்டு இருவரும் அங்கே வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டான். இரண்டு கிழமை கழித்து வருகிற ஞாயிறு வீடு பார்க்கப் போவது, பிடித்தால் திங்கள் சம்மதம் சொல்வது. அக்கா முற்றத்தால் என் கடைப் பின்ஜன்னல்வரை வந்து, சுவரைப் பிடித்தபடி நின்று, "அங்கை லிப்ட் இருக்காம் பிள்ளை. அதிலை இறங்கி வந்து நான் ஆரிட்டைப் போறது?" என்று கேட்டா. இந்தச் சைக்கிள் நிற்காவிட்டால் இந்த மனுஷி போய்விடுவா என்பது மட்டும் விளங்கியது.

ஆகவே நான் தலையிட்டேன். யாரும் கூப்பிடவில்லை, உண்மைதான்.

ஸ்டாலின்கிராட்டுக்குக் கிட்ட, ஆட்கள் தங்கள் சைக்கிளைத் தாங்களே திருத்தப் பழக்கிவிடுகிற பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே செவ்ரின் என்று ஒரு பெண், கை முழுக்கக் கறுப்பு, வாய் முழுக்கச் சிரிப்பு. அண்ணையையும் சைக்கிளையும் இழுத்துக்கொண்டு போனேன். அவருடைய பிரெஞ்சு என்னுடையதைவிடத் திறம், ஆனால் பூட்டி வைத்துக்கொண்டு இருந்தால் என்ன பிரயோசனம்?

செவ்ரின் சக்கரத்தின் நடுவில் பூட்டியிருக்கும் மெல்லிய இரும்புத் தட்டைக் காட்டினாள். பிரேக் பிடித்தால் இரண்டு சின்னக் கட்டைகள் இரண்டு பக்கமும் வந்து அந்தத் தட்டைக் கவ்வுமாம். பழைய சைக்கிள்போல் ரப்பர் போய்ச் சக்கர விளிம்பில் உரசுவதில்லை. கட்டைகளைக் கழற்றினாள். பிறகு நான் எதிர்பார்க்காத வேலை ஒன்று செய்தாள். மூக்கில் வைத்து மணந்தாள்.

"சாப்பாட்டு வாசம்," என்றாள். "எண்ணெய். இந்தக் கட்டை எண்ணெயைக் குடிச்சுப் போட்டுது. இனிக் கழுவியும் பிரயோசனமில்லை, எறியவேண்டியதுதான். மெசியூ சமையல்காரர் எல்லோ? கை கழுவிப்போட்டுத் தொடவேணும். கையே படாமல் விட்டால் இன்னும் நல்லம்."

அவள் சொன்னதில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. கைப்பிடியிலிருந்து கட்டைவரை வருகிற குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். எண்ணெய், என்றாள். உள்ளே எண்ணெய் இல்லாவிட்டால் பிரேக் இல்லை, வெளியே எண்ணெய் பட்டால் பிரேக் இல்லை. இதென்ன கூத்து? அவள் சிரித்துவிட்டுத் தட்டை ஸ்பிரிற்றால் துடைத்து, புதுக் கட்டை போட்டு, கால்வாய்க்கரையில் ஓடி ஓடி நிறுத்தச் சொன்னாள். புதுக் கட்டை அப்படிப் பழகினால்தான் தட்டைப் பிடிக்குமாம். நிறுத்தி முடித்த கையோடு தட்டைத் தொடவேண்டாம், சுடும் என்றும் சொன்னாள். அண்ணை சொன்னபடியே ஓடினார். சைக்கிள் சத்தமில்லாமல் நின்றது.

நான் கழற்றிய கட்டையை வாங்கி மணந்து பார்த்தேன். நல்லெண்ணெய். அண்ணை வேலை செய்கிற குசினியில் வெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும்தான். நல்லெண்ணெய்க்கு அங்கே என்ன வேலை? அண்ணையைப் பார்த்தேன். அவர் சப்பாத்தைப் பார்த்தார்.

அடுத்த வெள்ளி மறுபடி கத்தியது.

சந்தேகம் ஒன்று புகுந்தால் எனக்கு நித்திரை இல்லை. முதலில் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளுகிற கார்தியன் மனுஷியில் சந்தேகப்பட்டேன். போர்த்துக்கீசக்காரி. குப்பைத்தொட்டி உருட்ட இடமில்லை என்று சைக்கிளைப் பார்த்து எந்நேரமும் புறுபுறுப்பாள். நேரே போய்க் கேட்டேன். அவள் இடுப்பில் கை வைத்து, "உங்கட எண்ணெய்ப் போத்தல் எந்தக் கடையிலை விக்கிறதெண்டே எனக்குத் தெரியாது," என்று பிரெஞ்சில் கிழித்துத் தொங்கவிட்டாள். நியாயம்தான். எங்கள் தமிழ்க்கடையில் வாங்குகிற எண்ணெய் என்றால் ஆள் எங்கள் ஆள்.

மகன் வரவிருந்த ஞாயிறுக்கு முந்திய வெள்ளி, வெள்ளெனக் கடைக்கு வந்து, விளக்குப் போடாமல் பின்ஜன்னலருகில் இருந்தேன்.

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா தோய்ந்து, ஈரத்தலையில் துவாய் சுற்றி, கையில் ஒரு சின்ன வெண்கலத் தட்டுடன் வந்தா. ஒரே ஒரு படி, அதையும் பக்கவாட்டில் திரும்பிச் சுவரைப் பிடித்து இறங்கினா. முழங்கால் மடங்காது, அதனால் கவிழ்த்து வைத்த வாளியில் குந்தினா. துணியில் எண்ணெய் தோய்த்து, ஒரு சக்கரத்துத் தட்டை இரண்டு பக்கமும் ஆறுதலாகத் துடைத்தா, பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல. பிறகு சந்தனம். அதன் மேல் குங்குமம். மற்றச் சக்கரத்துக்கும் அப்படியே. கடைசியில் சக்கரத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டா.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். என்ன செய்வது? ஓடிப்போய்ச் சொன்னால் அந்த மனுஷி உடைந்துபோவா. சொல்லாமல் விட்டால் அண்ணை லொறிக்குள் போவார்.

மத்தியானம் அண்ணை வேலைக்குப் புறப்படும்போது வாசலில் மறித்தேன்.

"அண்ணை, எண்ணெய் பூசுறது ஆரெண்டு கண்டுபிடிச்சிட்டன்."

அவர் சப்பாத்தைப் பார்த்தார். "எனக்கும் தெரியும் ஷிரோமி."

"எப்ப இருந்து?"

"ரெண்டாம் கிழமையே கண்டிட்டன். தட்டிலை குங்குமம் கிடந்தது."

"தெரிஞ்சுகொண்டுதான் பட்டறைக்கு வந்து வாய் திறக்காமல் நிண்டனீங்களோ? உங்களுக்கு விசரே?"

அவர் பெட்டியின் விளிம்பைத் தடவினார். பிறகு சொன்னார். "அவவுக்குப் பெட்டிக்குள்ளை இருந்து ரோட்டாலை போகச் சரியான பயம். முதல் நாள் பெட்டி விளிம்பை விடேல்லை. எது சைக்கிளை நிப்பாட்டுறதெண்டு கேட்டவ. நான் தட்டைக் காட்டினன். அதுக்குப் பொட்டு வைச்ச பிறகுதான் பயமில்லாமல் ஏறுறா. அதை வேண்டாமெண்டு சொன்னா, பிறகு ஏறமாட்டா. சனிக்கிழமை நான் ரெஸ்ரோறன்ற் பின்பக்கம் வைச்சு ஸ்பிரிற்றாலை துடைச்சுப்போடுவன். ஞாயிறு இறக்கத்திலை நடப்பன்."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை நான் தனியத்தானே ஓடுறன்."

ஒரு மனிதன் தன் உயிரைப் பற்றி இப்படியா கதைப்பான், கறிக்கு உப்புக் குறைவு என்பதுபோல? கண் கலங்கிவிட்டது, அதுவும் ஆத்திரத்தைக் கூட்டியது. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அன்று முழுக்க நான் வெட்டிய துணி ஒன்றும் சரியாக வரவில்லை.

ஞாயிறு காலை கீர்த்தனன் வந்தான். அக்கா நல்ல சீலை உடுத்து, கைப்பையை மடியில் வைத்து, வாசல் கதிரையில் சார்செலுக்குப் போக ஆயத்தமாக இருந்தா. முகம் வீங்கியிருந்தது. நான் கழுத்தில் அளவுநாடாவோடு முற்றத்துக்குப் போனேன்.

கீர்த்தனன் சைக்கிளின் பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு" என்று பிரெஞ்சில் சொன்னான். பிறகு தமிழில், "கட்டை மாத்தியும் இப்பிடியே அப்பா? சைக்கிள் கூடாது. விப்பம்."

அண்ணை வாய் திறக்கவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். அவர் அப்போதும் திறக்கவில்லை. எனக்குப் பொறுமை அவ்வளவுதான்.

"சைக்கிளிலை ஒரு பிழையும் இல்லை," என்றேன். "அக்கா, குறை நினையாதேங்கோ. நீங்கள் தட்டுக்குப் பூசுற எண்ணெயாலைதான் அது நிக்குதில்லை."

அக்கா என்னைப் பார்த்தா.

"இரும்பை மழையிலை நனைய விட்டிட்டு எண்ணெய் போடாமல் இருக்கலாமே? துருப்பிடிச்சுக் கிடந்தது. இவரைக் காக்கிற சாமான் எல்லோ?" பிறகு மெல்லக் கணவர் பக்கம் திரும்பினா. "உங்களுக்கு இது தெரியுமோ?"

அண்ணை சப்பாத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சுகொண்டே ஓடினியளோ? அண்டைக்குத் தூணிலை அடிபட்டது..." கைப்பையைத் தூக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மகனிடம் சொன்னா. "வா தம்பி, போவம். சார்செலிலையே இருப்பம். என்ரை கையாலையே இவரைக் கொல்லப் பாத்திருக்கிறன்."

கெட்டது குடி, நானே சொல்லி நானே அனுப்பிவைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது இராஜதுரை அண்ணை சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்பிரிற்றுப் போத்தலும் புதுக் கட்டைகளும் எடுத்தார். சனிக்கிழமை மறைவில் செய்கிற வேலையை முதல் தடவையாக அக்காவுக்கு முன்னால் செய்தார். முதல்நாள் துடைத்தும் தட்டின் இடுக்கில் மிஞ்சிய குங்குமம் துணியில் சிவப்பாக வந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டா.

"இஞ்சாரும்," என்றார் அண்ணை. "இஞ்சை பாரும். திரும்பிப் பாரும்."

அக்கா திரும்பினா.

"நான்தான் பிழையாக் காட்டினன். இந்தத் தட்டு தானா ஒண்டும் செய்யாது. சக்கரத்தோடை சுத்தும், அவ்வளவுதான்."

அக்கா குனிந்து தட்டைப் பார்த்தா. எவ்வளவு துக்கம் இருந்தாலும் அவவுக்குக் கேள்வி வந்தால் கேட்காமல் இருக்க முடியாது. அதில் அவ என் இனம்.

"அப்ப அதை ஆர் பிடிக்கிறது?"

"இந்தக் கட்டை."

"கட்டையை ஆர் தள்ளுறது?"

"குழாய்க்குள்ளை இருக்கிற எண்ணெய்."

"எண்ணெயோ?" அக்கா நிமிர்ந்தா. "அப்ப நான் எண்ணெய் போட்டது முழுப்பிழை இல்லையே?"

கீர்த்தனன் சிரித்துவிட்டான். நானும்தான்.

"அந்த எண்ணெயை ஆர் தள்ளுறது?"

"இந்தப் பிடி."

"பிடியை?"

அண்ணை மறுமொழி சொல்லாமல் தன் வலக்கையைப் பார்த்தார். பிடியின் மேல் கிடந்த இரண்டு விரலையும் பார்த்தார். தனக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல, "இது ரெண்டும்," என்றார்.

அக்கா கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனா. வர நேரம் எடுத்தது. கையில் சந்தனக் கிண்ணம். அண்ணையின் வலக்கையைப் பிடித்து, அந்த இரண்டு விரலிலும் பொட்டு வைத்தா. இடக்கை விரல்களுக்கும் வைத்தா. கல்யாணம் முடித்து இவ்வளவு காலத்தில் இந்த இருவரும் ஆட்களுக்கு முன்னால் கை பிடித்து நான் கண்டதில்லை. அண்ணை சின்னப்பிள்ளைபோல் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"குசினியிலை கழுவினா போயிடும்," என்றார்.

"போகட்டும்," என்றா அக்கா.

புதுக் கட்டை பழகவேண்டும் என்று நான் ஞாபகப்படுத்தினேன். பாரத்துக்கு ஆள் வேண்டும். கீர்த்தனன் தன் நல்ல கோட்டோடு பெட்டிக்குள் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தினான். தகப்பனும் மகனும் தெருவில் மேலும் கீழும் ஓடினார்கள். ஓடி ஓடி நிறுத்தினார்கள். கடைக்காரர் வெளியே வந்து, "அண்ணை, சாமான் நல்ல பாரம் போலை," என்றார்கள். முதலில் கொஞ்சம் முனகியது, பிறகு சத்தமே இல்லை. கடைசித் தடவை அண்ணை பிடித்த பிடியில் கீர்த்தனன் பெட்டியின் விளிம்பில் போய் நெஞ்சை இடித்துக்கொண்டான்.

முற்றத்துக்குள் வந்து இறங்கி, நெஞ்சைத் தடவியபடி, "நிக்குது," என்றான். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான். "ஆனா அம்மா, அங்கை வீட்டுக்காரன் காத்துக்கொண்டு நிக்கிறான். என்ன சொல்ல?"

அக்கா அதற்குள் பெட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டா. நான் மற்றக் காலைத் தூக்கி வைத்தேன்.

"எனக்கு இஞ்சை வேலை இருக்கெண்டு சொல்லு."

"என்ன வேலை அம்மா?"

"நாளாந்தம் உன்ரை அப்பாவின்ரை விரலுக்குப் பொட்டு வைக்கவேணும்."

கீர்த்தனன் ரெலிபோனை எடுத்து வீட்டுக்காரனுக்கு, வரவில்லை என்று சொன்னான். பிறகு போய், தெருப்பக்கத்துப் பெரிய கதவை அவர்களுக்காகத் திறந்து பிடித்தான்.